பார்வையற்றோர்க்கும் உரிய வாயில்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்பது கடந்து வந்த வழியை எண்ணி மகிழும் நாள். இனி எவரையெல்லாம் நம்மோடு அழைத்துச் செல்லப் போகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நாளும் ஆகும். அவ்வெண்ணத்தோடு இன்று நாம் ஒரு பொருளை எடுத்துக்கொண்டுள்ளோம். பார்வையற்றோரும் பார்வை குறைந்தோரும் பிறர் கைப்பற்றி நடத்தாமலே நுழைந்து, நடந்து, படித்து, பணியாற்றித் திரும்பத்தக்க கட்டடங்களை எவ்வாறு அமைப்பது என்பதே அப்பொருள்.

"இது பொறியாளர்கள் பேச வேண்டிய பொருளாயிற்றே, கல்விக் கழகத்தின் மேடையில் இதற்கு என்ன இடம்?" என்று சிலர் வினவக்கூடும். கல்வி புத்தகத்தில் தொடங்குவதாகவே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் பள்ளியின் வாயிற்படி, வகுப்பறைக்குச் செல்லும் தாழ்வாரம், கழிப்பறைக்குச் செல்லும் வழி ஆகியவற்றைக் கடந்த பின்னரே ஒரு மாணவன் புத்தகத்தை அடைகிறான். இவற்றுள் ஒன்று தடையானாலும் அவன் படிப்பு அங்கேயே நின்றுவிடும். உதவித்தொகை கிடைத்திருக்கலாம், விடுதியில் இடமும் கிடைத்திருக்கலாம். ஆனால் அன்றாடம் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும் என்ற நிலை ஏற்பட்டால், தன்மானமுள்ள எந்த இளைஞன் அங்கே நிலைத்திருப்பான்? பெண்பிள்ளையாயின் பெற்றோர் அனுப்புவதற்கே அஞ்சுவர். ஆகவே இது கல்வியைப் பற்றிய பேச்சேயன்றி வேறன்று.

பார்வையற்றோர்க்கு எழுத்தளித்த லூயி பிரெயில், 1819ஆம் ஆண்டு பத்து வயதில் பாரிசு நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். 1824ஆம் ஆண்டு, பதினைந்து வயதிலேயே புள்ளி எழுத்து முறையை வகுத்தார். அப்பள்ளி ஈரமும் இருளும் மண்டிய பழங்கட்டடத்தில் நடைபெற்று வந்தது. புதிய கட்டடத்துக்கு அது மாறிய ஆண்டு 1843. 1852ஆம் ஆண்டு பிரெயில் காசநோயால் இறந்தார். உலகத்துக்கே ஒளி தரும் அறிவு ஒரு பிள்ளையிடம் இருந்தாலும், அப்பிள்ளையை உட்கார வைக்கும் கட்டடமும் தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

தீர்மானமும் படிக்கட்டும்

வாயில் மறுக்கப்படுவது என்றால் என்ன என்பதை நம் மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1923ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றம், பொதுப்பணத்தில் அமைந்த குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருந்தகம் முதலியவற்றைத் தீண்டப்படாதோர் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் நிறைவேற்றிற்று. மகாடு நகராட்சியும் அதனைப் பின்பற்றிச் சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆயினும் 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று அந்நீரை அள்ளிப் பருகும்வரை அத்தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது.

பின்னர் எழுந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்பு, கடை, உணவகம், கிணறு, குளம், நீராடுதுறை, சாலை முதலிய பொது இடங்களில் சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எவரையும் தடுத்தலாகாது என்று விதித்தது. நம்மவர் பட்ட பாட்டுக்கு விடையாக வந்த விதி அது. ஆனால் அப்பட்டியலில் உடற்குறை இடம்பெறவில்லை. உடற்குறையுடையோர்க்கெனத் தனிச்சட்டம் வர 1995ஆம் ஆண்டுவரையும், அதனினும் விரிந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வர 2016ஆம் ஆண்டுவரையும் நாடு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இரண்டு தடைகளும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. சாதியின் பேரால் மனிதன் மனிதனைத் தெரிந்தே விலக்கினான். பார்வையற்றவரை எவரும் தெரிந்து விலக்கவில்லை. அவர் வருவார் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. ஆயினும் வாயிலுக்கு வெளியே நிற்பவர் இழப்பது ஒன்றே. அதனை உணர்ந்தவர்கள் நாம். எனவே நாம் எழுப்பும் கட்டடத்தில் எவரும் வெளியே நிற்றலாகாது என்ற பொறுப்பு மற்றவரினும் நமக்கு மிகுதியாக உண்டு.

வேறொரு காரணமும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் உடற்குறையுடையோர் 2.68 கோடிப் பேர். அவர்களுள் பார்வைக்குறை உடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர். மொத்த மக்களுள் உடற்குறையுடையோர் 2.21 விழுக்காடாக இருக்க, பட்டியல் இனத்தாருள் அவ்விகிதம் 2.45 விழுக்காடாக இருந்தது. வறுமை, காலத்தில் கிட்டாத மருத்துவம், ஆபத்தான தொழில் ஆகியவை எங்கே மிகுந்துள்ளனவோ அங்கே உடற்குறையும் மிகுதல் வியப்பன்று. ஆகவே நாம் பேசுவது யாரோ சிலரைப் பற்றி அன்று; நம் தெருவில் வாழ்வோரைப் பற்றியே பேசுகிறோம்.

பார்வைக்குறை ஒருவகைத்தன்று

பார்வையற்றோர் என்றவுடன் முற்றிலும் இருளில் வாழ்வோரையே நாம் நினைக்கிறோம். அது முழு உண்மையன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம், நல்ல கண்ணில் இயன்ற திருத்தமெல்லாம் செய்த பின்னரும் 3/60க்குக் குறைந்த பார்வையைப் பார்வையின்மை என்கிறது. பிறர் 60 மீட்டர் தொலைவில் காண்பதை 3 மீட்டர் தொலைவுக்கு வந்தும் காண முடியாத நிலை இது. 6/18க்கு மேற்படாமல் 3/60 வரை உள்ள பார்வை, பார்வைக்குறைவு எனப்படும். கூர்மை இருந்தும் பார்வையின் பரப்பு மிகச் சுருங்கிவிட்டால் அதுவும் இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும்.

கண்புரை உடையவர்க்கு எல்லாம் பனிமூட்டம் போல் தோன்றும். எதிரே கூரிய ஒளி பட்டால் அதுவும் மறையும். கண் நீர் அழுத்த நோய் முற்றியவர், குழல் வழியே பார்ப்பவரைப் போல நேர் எதிரே உள்ளதை மட்டும் காண்பர். காலடியில் உள்ள படி அவர்க்குத் தெரியாது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவர் பக்கங்களைக் காண்பர். எழுத்தையும் முகத்தையும் காணார். பகலில் நன்கு நடமாடிவிட்டு, அந்தி சாய்ந்ததும் தடுமாறுவோரும் உண்டு. ஆகவே கட்டடம் இரண்டு கடமைகளைச் செய்தல் வேண்டும். எஞ்சியிருக்கும் பார்வைக்கு அது துணை நிற்க வேண்டும். பார்வை அறவே இல்லாதவர்க்குக் காதாலும் கையாலும் காலாலும் வழிகாட்ட வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தோரிடம் காணப்படும் பார்வையின்மையில் 66.2 விழுக்காட்டுக்குக் காரணம் கண்புரையே. அறுவை சிகிச்சையால் நீக்கத்தக்க நோய் அது. எனவே நம் வீட்டு முதியோரை முதலில் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். கட்டடத்தைத் திருத்துவது மருத்துவத்துக்கு மாற்றாகாது.

பார்வையற்றவர் எவ்வாறு நடக்கிறார்?

கட்டடம் அமைப்பவர் முதலில் அறிய வேண்டியது இது. வெள்ளைக் கைத்தடியைத் தம் உடலின் அகலத்துக்கு இடமும் வலமும் வீசித் தட்டிக்கொண்டு அவர் நடக்கிறார். முன்னே உள்ள படி, பள்ளம், சுவர், தூணின் அடி ஆகியவற்றைத் தடி ஓரிரு அடி தூரத்துக்கு முன்பே அறிவித்துவிடும். ஆனால் இடுப்புக்கு மேலே இருப்பதைத் தடி அறியாது. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் வகுப்பறைச் சன்னல்களின் கதவுகள் தாழ்வாரத்தை நோக்கித் திறக்கின்றன. கீழே தடி தடையின்றிச் செல்லும். மேலே சன்னல் கதவின் விளிம்பு நெற்றியைக் கிழிக்கும். படிக்கட்டின் அடிப்புறச் சரிவும், சுவரில் மாட்டிய தீயணைப்புக் கருவியும், தலைமட்டத்தில் கட்டிய கொடிக்கயிறும் இத்தகையனவே. அமெரிக்க நாட்டு விதிகளின்படி, தரையிலிருந்து 27 அங்குலத்துக்கும் 80 அங்குலத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் சுவரில் பொருத்தப்படும் எப்பொருளும் நடைவழிக்குள் 4 அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருத்தல் கூடாது. இதற்கான காரணம் எளிது. அடிப்பாகம் 27 அங்குலத்துக்குக் கீழே இருக்குமாயின் தடி அதனைக் கண்டுகொள்ளும். அதற்கு மேலாயின் கண்டுகொள்ளாது.

கால், தரையின் சொரசொரப்பையும் வழவழப்பையும் அறிகிறது. காது, காலடி ஓசை எதிரொலிக்கும் முறையால் இடம் விரிந்ததா குறுகியதா என்று அறிகிறது. கதவின் வழியே வரும் காற்றைக் கன்னம் அறிகிறது. சமையற்கூடம் எத்திசையில் உள்ளது என்பதை மூக்கு அறிகிறது. எத்தனையாவது கதவு தன் அறை என்பதை நினைவு அறிகிறது. இவ்வளவும் ஒரே வேளையில் நடைபெறுகின்றன. எனவே நேற்று இருந்த வழியில் இன்று மிதிவண்டியை நிறுத்துவதும், பெஞ்சை இழுத்துப் போடுவதும் அவருடைய வழியை அழிப்பதற்கு ஒப்பாகும். கதவு முழுவதும் திறந்திருக்கலாம், அல்லது மூடியிருக்கலாம்; பாதி திறந்து நிற்றல் மட்டும் ஆகாது.

மூன்று எடுத்துக்காட்டுகள்

இவற்றையெல்லாம் எண்ணி எழுப்பிய கட்டடங்கள் உலகில் உண்டு. மெக்சிகோ நகரத்தில் இசுடபலாபா என்பது மக்கள் நெருங்கி வாழும் ஏழ்மை மிக்க பகுதி. பார்வைக்குறை உடையோர் அந்நகரில் மிகுதியாக வாழ்ந்ததும் அப்பகுதியிலேதான். அங்கே 2000ஆம் ஆண்டை ஒட்டி மௌரிசியோ ரோச்சா என்னும் கட்டடக் கலைஞர் பார்வையற்றோர்க்கான மையம் ஒன்றை அமைத்தார். நடுமுற்றத்தின் வழியே ஒரு நீரோடை செல்கிறது. அதன் ஓசையே திசைகாட்டி. கை படும் உயரத்தில் சுவர்களின் மேல் கிடைக்கோடுகளும் நெடுங்கோடுகளும் பதிக்கப்பட்டுள்ளன. எக்கட்டடத்தின் அருகே நிற்கிறோம் என்பதை விரல் அவற்றால் அறியும். சுற்றிலும் உள்ள தோட்டங்களில் ஆறுவகை மணச்செடிகள் வளர்க்கப்பட்டன. நகரத்தின் இரைச்சல் உள்ளே புகுந்து காதைக் குழப்பாதபடி வெளிச்சுவரும் மண்மேடுகளும் காக்கின்றன. இத்தகைய கட்டடம் செல்வர் வாழும் பகுதியில் எழவில்லை. தேவை எங்கே இருந்ததோ அங்கே எழுந்தது. நாம் கருத வேண்டிய செய்தி இது.

நம் நாட்டிலேயே, குசராத்து மாநிலத்துக் காந்திநகரில், பார்வையற்ற குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று 2021ஆம் ஆண்டு உருவாயிற்று. அகமதாபாத்தைச் சேர்ந்த சீலேப் என்னும் கட்டடக் கலைக் குழுவினர் அதனை வடிவமைத்தனர். நடுவே முற்றம், அதனைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வகுப்பறைகள். இவ்வளவு எளிய அமைப்பாதலால் குழந்தையின் மனம் அதனை விரைவில் பதித்துக்கொள்கிறது. தாழ்வாரத்தின் நீண்ட பக்கங்களில் சுவர்ப்பூச்சுக் கிடைவாட்டில் வரியிட்டும், குறுகிய பக்கங்களில் நெடுவாட்டில் வரியிட்டும் பூசப்பட்டுள்ளது. நடைவழியில் வழவழப்பான கோட்டாக் கல்லும், வகுப்பறையின் வாயிலில் சொரசொரப்பான கோட்டாக் கல்லும் பதிக்கப்பட்டுள்ளன. வாயிலில் கூரை உயர்ந்தும் தாழ்வாரத்தில் தாழ்ந்தும் இருப்பதால் காலடி ஓசை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. நேரடி வெயில் சில குழந்தைகளின் கண்களை வருத்தும் என்பதற்காக ஒளியைச் சுற்றி வரவிட்டுள்ளனர். கதவும் சுவிட்ச் போர்டும் சுவரினின்று வேறுபட்ட நிறத்தில் உள்ளன. இவற்றுள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த விலையுயர்ந்த கருவி எது? ஒன்றும் இல்லை. பூச்சுக்கரண்டியும், கல்லும், வண்ணமும், எண்ணிப் பார்த்த மனமுமே அங்கே வேலை செய்திருக்கின்றன.

மூன்றாவது எடுத்துக்காட்டு ஒரு மனிதரைப் பற்றியது. அமெரிக்காவில் கட்டடக் கலைஞராய் விளங்கிய கிறிசு டௌனி என்பவர் 2008ஆம் ஆண்டு மூளைக்கட்டியை நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வையை முற்றிலும் இழந்தார். ஆனால் தொழிலை விடவில்லை. வரைபடத்தின் கோடுகள் மேடாகப் பதியும்படி அச்சிடும் கருவியைக் கொண்டு விரலால் படம் படித்தார். வளையும் மெழுகு இழைகளை அதன்மேல் ஒட்டித் தம் கருத்தை வரைந்தார். பார்வையிழந்த முன்னாள் படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையத்தின் வடிவமைப்பில் பங்குகொண்டார். 2016ஆம் ஆண்டு சான் பிரான்சிசுகோவில் திறக்கப்பட்ட பார்வையற்றோர் அமைப்பின் தலைமையகத்துக்கும் அவருடைய ஆலோசனை பயன்பட்டது. பார்வையற்றவர் பிறர் கட்டிய இடத்தில் குடியிருப்பவர் மட்டும் அல்லர். கட்டுவதிலும் பங்குகொள்ளத் தக்கவர் என்பதற்கு இவர் சான்று.

புள்ளிக் கல்லும் கோட்டுக் கல்லும்

தொடர்வண்டி நிலையங்களிலும் புதிய நடைபாதைகளிலும் மஞ்சள் நிறத்தில் மேடு பள்ளமாகப் பதித்த தரைக்கற்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். கட்டுமானத் தொழிலில் இதனை 'டேக்டைல் டைல்ஸ்' என்பர். சப்பானைச் சேர்ந்த செயிச்சி மியாக்கே என்பவர் தம் நண்பர் ஒருவர் பார்வை இழந்து வருவதைக் கண்டு மனம் வருந்தி 1965ஆம் ஆண்டு இதனைப் படைத்தார். 1967 மார்ச் 18ஆம் நாள் ஒக்கயாமா நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியின் அருகே உள்ள சாலையில் முதன்முதலாக இது பதிக்கப்பட்டது. அங்கிருந்து உலகெங்கும் பரவிற்று.

இதன் இலக்கணம் மிக எளிது. புள்ளிகள் உள்ள கல் 'நில், கவனி' என்று சொல்லும். கோடுகள் உள்ள கல் 'இக்கோட்டின் திசையில் நட' என்று சொல்லும். படிக்கட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் 300 மி.மீ. முன்பாகப் புள்ளிக் கல் வருதல் வேண்டும் என்பது இந்திய வழிகாட்டு நெறி. பாதை திரும்பும் இடத்திலும், நடைமேடையின் விளிம்பை ஒட்டியும் புள்ளிக் கல் வர வேண்டும்.

ஆனால் நம் ஊர்களில் காண்பது என்ன? கோட்டுக் கல் நேரே சென்று மின்கம்பத்தில் முட்டுகிறது. ஓரிடத்தில் மரத்தடியில் முடிகிறது. மற்றோரிடத்தில் கோடுகள் பாதைக்குக் குறுக்காகப் பதிக்கப்பட்டுள்ளன. அழகுக்காகப் புள்ளிக் கல்லைக் கட்டம் கட்டமாகப் பரப்பியிருப்பதும் உண்டு. தரையின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்றாயிருந்தால் பார்வை குறைந்தவர்க்குப் பயனில்லை. நன்றாகப் பதித்த இடத்திலும் பூந்தொட்டியும் இரு சக்கர வண்டியும் வந்து நின்றுவிடுகின்றன. பணம் செலவாயிற்று, கல்லும் பதிந்தது, வழி மட்டும் பிறக்கவில்லை.

இதற்குக் காரணம் அதனைப் பதித்த தொழிலாளி அல்லர். அக்கல் எதற்காக என்பதை எவரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தான் பதிக்கும் கல்லை நம்பி ஒருவர் கால் வைக்கப் போகிறார் என்று அறிந்த எந்தத் தொழிலாளியும் அதனை மின்கம்பத்தில் கொண்டுபோய் முட்ட விடமாட்டார்.

இளைஞர்களே! இந்த இடத்தில் உங்களிடம் சற்று அழுத்தமாகவே பேச விரும்புகிறோம். கொத்தனாராகவும் சித்தாளாகவும் வண்ணம் பூசுபவராகவும் மின்பணியாளராகவும் நாட்டின் கட்டடங்களை எழுப்புவோருள் நம்மவர் மிகப் பலர். இன்று நம் பிள்ளைகளுள் பலர் தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் கட்டடத் துறையைக் கற்கின்றனர். வரைபடத்தில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டும் அறிவு உங்களிடம் இருக்குமானால், ஒவ்வொரு கட்டடமும் சிறிதேனும் திருந்தும். பிறர் நுழையப் பல கட்டடங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே நின்ற பரம்பரை நம்முடையது. இனி நம் கை கட்டும் வாயிலில் எல்லோரும் நுழையட்டும்.

நாம் கவனிக்க வேண்டியவை

முதலாவது படிக்கட்டு. எல்லாப் படிகளும் ஒரே உயரமும் ஒரே அகலமும் உடையனவாய் இருத்தல் வேண்டும். கடைசிப் படி மட்டும் அரை அங்குலம் மாறினாலும் கால் ஏமாறும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சுமார் 50 மி.மீ. அகலத்தில் மாறுபட்ட நிறப்பட்டை தீட்டுக. கைப்பிடி இருபுறமும் வேண்டும். முதற்படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் 300 மி.மீ. நீண்டிருத்தல் வேண்டும். படி தொடங்குவதையும் முடிவதையும் கைப்பிடியே அவர்க்கு அறிவித்துவிடும். தாழ்வாரத்தின் நடுவே எதிர்பாராத ஒற்றைப் படி வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது நிற வேறுபாடு. வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு, வெள்ளைத் தரையில் வெள்ளைக் கழிப்பறைப் பீங்கான் என்று அமைப்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. பார்வை குறைந்தவர்க்கு இவை ஒன்றோடொன்று கலந்துவிடும். நிறம் வேறானால் மட்டும் போதாது. ஒன்று வெளிறியும் மற்றொன்று அடர்ந்தும் இருத்தல் வேண்டும். இதனை அறிய எளிய சோதனை உண்டு. உங்கள் கைப்பேசியில் அவ்விடத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். கதவும் சுவரும் பிரிந்து தெரிந்தால் நன்று. கலந்து மறைந்தால் வண்ணத்தை மாற்றுக. கண்ணாடிக் கதவாயின் கண்மட்டத்தில் அடர்ந்த பட்டை ஒட்டுதல் இன்றியமையாதது.

மூன்றாவது ஒளி. நிறைய விளக்கு போட்டால் போதும் என்று எண்ணுதல் தவறு. பளபளக்கும் தரை, மேலுள்ள விளக்கைக் கண்ணாடி போல் காட்டிக் கண்ணைக் கூச வைக்கும். அது தண்ணீரோ பள்ளமோ என்று ஐயுறவும் செய்யும். நீண்ட நடைவழியின் கோடியில் திரையில்லாத பெரிய சன்னல் இருந்தால் எதிரே வருவோர் அனைவரும் நிழலாகிவிடுவர். ஒளி சீராகப் பரவ வேண்டும். வெயிலிலிருந்து இருண்ட அறைக்குள் திடீரென்று நுழைய நேராமல், இடையே நிழலுள்ள தாழ்வாரம் ஒன்று இருத்தல் நலம். நம் முன்னோர் வீட்டுத் திண்ணை இப்பயனையும் தந்தது.

நான்காவது பெயர்ப் பலகை. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951ஆம் ஆண்டு முதலே நமக்கு உண்டு. எனினும் நடுவயதுக்குப் பின் பார்வை இழந்தோர் பலர் பிரெயில் கற்றிருப்பதில்லை. ஆகவே பிரெயிலோடு, தடவிப் படிக்கத்தக்க பெரிய மேட்டெழுத்தும் வேண்டும். அதனைக் கதவின் மீது ஒட்டலாகாது. கதவு திறந்தால் விரல் நசுங்கும். கைப்பிடி உள்ள பக்கத்துச் சுவரில், எல்லா அறைகளுக்கும் ஒரே உயரத்தில் பொருத்துதல் வேண்டும். மின்தூக்கி உண்டாயின், வந்து நின்ற தளத்தை அது குரலால் அறிவிக்க வேண்டும்.

ஐந்தாவது ஒழுங்கு. ஒவ்வொரு தளத்திலும் கழிப்பறை ஒரே இடத்தில் இருக்கட்டும். அதனுள்ளும் குழாய், தொட்டி, கொக்கி எல்லாம் ஒரே முறையில் அமையட்டும். ஒரு தளத்தைக் கற்றவர் எல்லாத் தளங்களையும் கற்றவர் ஆவார்.

இவையெல்லாம் வரைபட நிலையிலேயே எண்ணினால் செலவு சிறிது. கட்டி முடித்த பின் இடித்துத் திருத்தினால்தான் செலவு பெரிது. பயனும் பார்வையற்றோர்க்கு மட்டும் உரியதன்று. விளிம்பில் நிறம் தீட்டிய படியும் இருபுறக் கைப்பிடியும் முதியவர்க்கும், கருவுற்ற தாய்க்கும், மின்சாரம் நின்ற இரவில் நம் அனைவர்க்கும் உதவும்.

சட்டமும் நம் கடமையும்

ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13ஆம் நாள் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 2007 அக்டோபர் 1ஆம் நாள் அதனை உறுதிசெய்தது. அதன் வழியே வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம், வகுத்த விதிகளுக்கு இணங்காத கட்டட வரைபடத்துக்கு அனுமதி அளித்தலாகாது என்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் திருத்த வேண்டும் என்றும் விதிக்கிறது. 2017ஆம் ஆண்டு விதிகள் வெளிவந்தன. 2022ஆம் ஆண்டோடு அந்த ஐந்தாண்டும் கடந்தது. பார்வைக்குறை உடைய இராசீவ் இராத்தூரி என்பார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் நாள் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. சட்டம் கட்டாயம் என்று சொல்லியதை விதிகள் வெறும் பரிந்துரையாக மாற்றிவிட்டன என்று கண்டு, அவ்விதியைச் செல்லாது என அறிவித்தது. கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்குமாறும் அரசைப் பணித்தது.

தீர்மானம் காகிதத்தில் கிடக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை மகாடு நமக்குக் கற்பித்திருக்கிறது. உரிமையைக் காலால் நடந்து சென்று எடுத்துக்கொள்ள வேண்டும். எனவே இந்த வெள்ளி விழா ஆண்டில் மூன்று பணிகளை நாம் ஏற்போமாக.

முதற்பணி: இனி நம் கழகம் எழுப்பும் கட்டடம் எதுவாயினும், அது ஓர் அறையே ஆயினும், வரைபடம் முடிவாகும் முன் பார்வையற்ற ஒருவரையும் பார்வை குறைந்த ஒருவரையும் அழைத்து அவர்தம் கருத்தைக் கேட்போம். அட்டையில் நூல் ஒட்டி வரைபடத்தை விரலால் படிக்கத்தக்கதாக ஆக்க நம் மாணவர்களால் இயலும். அவர்களுக்காக நாமே முடிவுசெய்வதைக் காட்டிலும் அவர்களோடு அமர்ந்து முடிவுசெய்வதே முறை.

இரண்டாம் பணி: கட்டடத் துறையில் உழைக்கும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் புள்ளிக் கல், கோட்டுக் கல் ஆகியவற்றின் இலக்கணத்தையும், படியின் விளிம்பு, கைப்பிடி, நிற வேறுபாடு ஆகியவற்றையும் கற்றுத் தம்முடன் வேலை செய்வோர்க்கும் கற்பிக்கட்டும்.

மூன்றாம் பணி: நம் ஊர்ப் பள்ளி, ஊராட்சி அலுவலகம், நூலகம், சுகாதார நிலையம் ஆகியவற்றைப் பார்வையற்ற நண்பர் ஒருவரோடு ஒருமுறை நடந்து பார்ப்போம். எங்கே தடி தடுமாறிற்று, எங்கே நெற்றி மோதிற்று என்று குறித்து, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி உரிய அலுவலர்க்கு எழுதுவோம். பதில் வரும்வரை எழுதுவோம்.

இவற்றைச் செய்வதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஒரு டப்பா வண்ணமும் ஒரு நாள் உழைப்பும் இருந்தால், இக்கூட்டம் முடிந்த மறுநாளே நம் விடுதிப் படிகளின் விளிம்புகளில் பட்டை தீட்டத் தொடங்கலாம். அப்பணிக்கு முன்வரும் இளைஞர்கள் மேடைக்கு வந்து தம் பெயரைச் செயலாளரிடம் பதிவு செய்யுமாறு வேண்டிக்கொள்கிறோம்.